பழைய நோட்டுப் புத்தகத்தின் மறுபிறவிக் கணக்கு

மாணவ நண்பர்களே, ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? ஓராண்டாக எழுதிக் குவித்த நோட்டுப் புத்தகங்களைக் கயிற்றால் கட்டிப் படிப்புரையில் ஒரு மூலையில் வைப்பீர்கள். சில நாளில் அதன் மேல் செய்தித்தாள் ஏறும். கல்யாணப் பத்திரிகை ஏறும். பலசரக்குக் கடைக் கவர் ஏறும். பிறகு ஒருநாள் எல்லாம் சேர்ந்து எடைக்குப் போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படி ஒரு கட்டைச் சுமந்துகொண்டு நாகர்கோவிலில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். நம் பக்கத்தில் ‘ஆக்கர் கடை’ என்று சொல்கிறோமே, அதுதான். ஆனி மாதச் சாரல் நேரம். கடைக்காரர் கட்டைத் தொட்டுப் பார்த்தார். அடியிலிருந்த பாதியை உருவித் தனியே போட்டார்.

“சாரே, இது நனைஞ்ச பேப்பராக்கும். மில்லுல எடுக்க மாட்டாவ.”

“காயவைத்தால் சரியாகிவிடாதா?”

“பூசணம் பிடிச்சா பிறகு ஒண்ணுக்கும் ஆகாது. நல்லதோட சேத்துப் போட்டா நல்லதும் கெட்டுப்போவும்.”

இயற்பியல் படித்த எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் வீடு திரும்பும்வரை காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நல்லதோடு கெட்டது எவ்வளவு சேரலாம்? எந்தத் தாளை எவ்வளவு வாங்கினால் ஆலைக்குக் கட்டுப்படியாகும்? கட்டுகளை எங்கே சேகரித்து, எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்? இவையெல்லாம் வியாபாரிகளின் கேள்விகள் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் இவை கணிதத்தின் கேள்விகள். உங்கள் வரைபடத் தாளும் அளவுகோலும் இருந்தால் இவற்றில் ஒன்றுக்கு இன்றே விடை கண்டுவிடலாம். முதலில் காகிதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

காகிதம் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது?

ஒரு தாளை மெல்லக் கிழித்து, கிழிந்த விளிம்பை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். பஞ்சு போன்ற மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவைதாம் செல்லுலோஸ் நார்கள். ஊசியிலை மரங்களின் நார் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். தைல மரம் போன்ற அகன்ற இலை மரங்களின் நார் சுமார் 1 மில்லிமீட்டர்தான்.

இந்த நார்களை ஒட்டவைப்பது பசை என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஒரு நாரும் அடுத்த நாரும் தொடும் இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. ஒவ்வொரு பிணைப்பும் வலுக் குறைந்ததே. ஆனால் அவை கோடிக்கணக்கில் இருப்பதால் தாள் உறுதியாக நிற்கிறது. தண்ணீர் புகுந்தால், நார்களுக்கு இடையிலான பிணைப்புகள் விடுபட்டு நார்கள் தண்ணீருடன் பிணைந்துகொள்கின்றன. நனைந்த தாள் தொட்டதும் கிழிவது இதனால்தான். காகிதத்தை மீண்டும் கூழாக்க முடிவதும் இதே காரணத்தால்தான்!

ஆலையில் பழைய தாளை ஒரு பெரிய தொட்டியில் தண்ணீருடன் போட்டுக் கடைகிறார்கள். தயிர் கடையும் மத்தை ஒரு பெரிய மோட்டார் சுழற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தாள் கூழாகிறது. கம்பி, பின், பிளாஸ்டிக் முதலியவற்றைச் சல்லடைகள் பிரித்தெடுக்கின்றன. அடுத்தது மையை நீக்கும் வேலை. கூழில் சோப்புப் போன்ற பொருளைக் கலந்து, அடியிலிருந்து காற்றுக் குமிழிகளைச் செலுத்துகிறார்கள். அச்சு மையின் துகள்களுக்குத் தண்ணீர் ஆகாது. ஆகவே அவை குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையோடு மேலே வருகின்றன. நுரையை வழித்து எடுத்துவிட்டால் கூழ் வெளுக்கிறது. தாளிலிருந்து மையைப் பிரிப்பது மிகப் பழைய யோசனை. ஜெர்மனியில் கிளாப்ரோத் என்பவர் 1774-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இது இவ்வளவு எளிதென்றால் ஒரே காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாமே! மரமே வெட்ட வேண்டாமே!

அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு முறை கடையும்போதும் நார்கள் சற்றே முறிந்து குட்டையாகின்றன. ஒவ்வொரு முறை உலரும்போதும் விறைத்துப்போய், அடுத்த முறை பிணைந்துகொள்ளும் திறனை ஓரளவு இழக்கின்றன. ஒரு நாரை ஐந்து முதல் ஏழு முறை வரை பயன்படுத்தலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குப் பிறகு அது மிகவும் குட்டையாகி, கழிவு நீருடன் சேறாக வெளியேறிவிடும். பளபளப்பான வாரப்பத்திரிகைத் தாளில் களிமண், சுண்ணாம்புப் பூச்சும் உண்டு. அதை ஒரு டன் வாங்கினால் ஒரு டன் நார் கிடைக்காது.

ஆகவே நல்ல காகிதம் வேண்டுமானால், இளைத்த நாருடன் வலுவான நாரையும் கலந்தே ஆக வேண்டும். எவ்வளவு கலப்பது? வலுவான நார் விலை அதிகம். குறைத்தால் தாள் கிழியும். கூட்டினால் ஆலை நஷ்டப்படும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் உகந்த இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் கணிதத்தின் பெயர் நேரியல் திட்டமிடல்.

வரைபடத் தாளில் ஓர் ஆலை

ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்கு எளிதாக இருப்பதற்காக நான் வைத்தவை.

ஆலை இரண்டு வகைத் தாள்களை வாங்குகிறது. ஒன்று, எல்லாம் கலந்து கட்டிய கலப்புத் தாள். விலை டன்னுக்கு 15 ஆயிரம் ரூபாய். மற்றது, நோட்டுப் புத்தகங்களிலிருந்து தரம் பிரித்து எடுத்த வெள்ளைத் தாள். விலை டன்னுக்கு 25 ஆயிரம் ரூபாய். ஒரு நாளைக்கு வாங்கும் கலப்புத் தாளை ‘க’ டன் என்றும், வெள்ளைத் தாளை ‘வ’ டன் என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போது ஆலையின் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக எழுதுவோம்.

முதலாவது: தினம் குறைந்தது 90 டன் தாள் தேவை. அதாவது க + வ ≥ 90.

இரண்டாவது: கலப்புத் தாளின் தரத்துக்கு 3 மதிப்பெண், வெள்ளைத் தாளின் தரத்துக்கு 6 மதிப்பெண் கொடுப்போம். கலவையின் சராசரி 4-க்குக் குறையக் கூடாது. அதாவது 3க + 6வ என்பது 4(க + வ)-வுக்குக் குறையக் கூடாது. சுருக்கினால், க ≤ 2வ. கலப்புத் தாள், வெள்ளைத் தாளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று பொருள்.

மூன்றாவது: சந்தையில் கலப்புத் தாள் 70 டன்னுக்கு மேல் கிடைக்காது. க ≤ 70.

நான்காவது: வெள்ளைத் தாள் 50 டன்னுக்கு மேல் கிடைக்காது. வ ≤ 50.

நம் குறிக்கோள், மொத்தச் செலவாகிய 15க + 25வ (ஆயிரம் ரூபாய்) என்பதைக் கூடியவரை குறைப்பது.

வரைபடத் தாளில் கிடைமட்ட அச்சில் ‘க’வையும் செங்குத்து அச்சில் ‘வ’வையும் குறியுங்கள். ஒவ்வொரு கட்டுப்பாடும் ஒரு நேர்கோடு. நான்கு கோடுகளும் சேர்ந்து நடுவில் ஒரு நாற்கரத்தை அடைத்துக்கொள்வதைக் காண்பீர்கள். அந்த நாற்கரத்துக்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஆலை ஓடும். வெளியே எடுத்தால் ஏதாவது ஒரு கட்டுப்பாடு முறியும்.

உள்ளே எண்ணற்ற புள்ளிகள் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் சோதிக்க முடியுமா என்று மலைக்க வேண்டாம். செலவு ஒரே அளவாக இருக்கும் புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில்தான் அமையும். அந்தக் கோட்டின் சாய்வில் ஓர் அளவுகோலை நாற்கரத்தின் மேல் வையுங்கள். சாய்வை மாற்றாமல், செலவு குறையும் திசையில், அதாவது தொடக்கப் புள்ளியை நோக்கி, மெல்ல நகர்த்துங்கள். நாற்கரத்தை விட்டு விலகுவதற்கு முன் அளவுகோல் கடைசியாக எதைத் தொடுகிறது? ஒரு முனையைத்தான்! ஆகவே முனைகளைச் சோதித்தாலே போதும். நான்கே கணக்குகள்:

க = 60, வ = 30: செலவு 16.5 லட்சம் ரூபாய்.
க = 40, வ = 50: செலவு 18.5 லட்சம் ரூபாய்.
க = 70, வ = 35: செலவு 19.25 லட்சம் ரூபாய்.
க = 70, வ = 50: செலவு 23 லட்சம் ரூபாய்.

60 டன் கலப்புத் தாளும் 30 டன் வெள்ளைத் தாளும் வாங்குவதே சிறந்தது. விடை கிடைத்துவிட்டது. ஆனால் வேடிக்கை இனிமேல்தான் தொடங்குகிறது.

செருப்பு கடிப்பது எந்த இடத்தில்?

“மறுசுழற்சி வளர வேண்டுமா? பழைய தாளை இன்னும் அதிகமாகச் சேகரியுங்கள்” என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம் ஆலையில் அதைச் சோதித்துப் பார்ப்போம். வெள்ளைத் தாள் 50 டன்னுக்குப் பதில் 60 டன் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கலப்புத் தாள் 70-க்குப் பதில் 80 டன் கிடைக்கட்டும். விடை மாறுகிறதா? இல்லை! அதே 60, அதே 30, அதே 16.5 லட்சம். கூடுதலாகச் சேகரித்த தாளால் ஆலைக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. ஏனென்றால் நம் விடை அமைந்த முனை, தேவைக் கோடும் தரக் கோடும் சந்திக்கும் இடம். அங்கே நெருக்குபவை அவை இரண்டும்தான். கிடைக்கும் அளவுக்கான கோடுகள் தொலைவில் சும்மா நிற்கின்றன.

இப்போது சேகரிக்கும் அளவைப் பழையபடியே விட்டுவிடுவோம். ஆனால் ஈரத் தாள், பிளாஸ்டிக் பூசிய அட்டை, எண்ணெய் படிந்த பொட்டலம் ஆகியவற்றை முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள் என்று கொள்வோம். கலப்புத் தாளின் மதிப்பெண் 3-லிருந்து 3.5-ஆக உயர்கிறது. வெறும் அரை மதிப்பெண்! இரண்டாவது கட்டுப்பாட்டை மீண்டும் எழுதிப் பாருங்கள். க ≤ 4வ என்று வரும். புதிய விடை: 70 டன் கலப்பு, 20 டன் வெள்ளை. செலவு 15.5 லட்சம். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் மிச்சம்!

இந்த ஒரு லட்சத்தை 70 டன் கலப்புத் தாளின் மேல் பரப்பினால் கிலோவுக்கு ஒரு ரூபாய் நாற்பது காசுக்குச் சற்று அதிகமாக வரும். அதாவது, இந்த ஆலை தரம் பிரிப்பவர்களுக்குக் கிலோவுக்கு அந்த அளவு வரை கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டப்படாது. கிடங்குகளில் நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து தாள் பிரிக்கும் பெண்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களுடைய உழைப்பின் மதிப்பு என்ன என்பதை அளவுகோலும் வரைபடமும் நமக்குக் காட்டிவிட்டன. ஒரு கட்டுப்பாட்டைச் சிறிதளவு தளர்த்தினால் எவ்வளவு ஆதாயம் என்பதைக் கணிதத்தில் ‘நிழல் விலை’ என்பார்கள். நெருக்காத கட்டுப்பாட்டின் நிழல் விலை பூஜ்யம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தரம் உயர்ந்த பிறகு, 70 டன் என்ற எல்லை நெருக்கத் தொடங்கிவிட்டது. இப்போது கூடுதலாகச் சேகரித்தால் பயன் உண்டு. 72 டன் கிடைத்தால் மேலும் இருபதாயிரம் ரூபாய் மிச்சமாகும். முதலில் தூய்மை, பிறகுதான் அளவு. செருப்பு கடிக்கும் இடத்தை அறியாமல் புதுச் செருப்பு வாங்கிப் பயனில்லை அல்லவா?

இந்தக் கணிதம் பிறந்த கதை

நம் ஆலையில் இரண்டே வகைத் தாள். உண்மையான ஆலையில் பல வகைத் தாள்கள், பல ஊர்கள், பல இயந்திரங்கள். நூற்றுக்கணக்கான மாறிகளை வரைபடத் தாளில் குறிக்க முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

1938-ஆம் ஆண்டு சோவியத் நாட்டின் லெனின்கிராடில் கன்டரோவிச் என்ற இளம் கணித மேதையிடம் ஓர் ஒட்டுப்பலகைத் தொழில் நிறுவனம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் கொடுத்தால் உற்பத்தி மிகும்? அதற்கு விடை தேடியபோது இந்தக் கணிதத்தின் அடிப்படை உருவாயிற்று. 1947-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் ‘சிம்ப்ளக்ஸ் முறை’யைக் கண்டார். நாம் நான்கு முனைகளைச் சோதித்தோமே, அதைப் போலவே ஒரு முனையிலிருந்து அதைவிடச் சிறந்த அடுத்த முனைக்குத் தாவித் தாவிச் செல்லும் முறை அது. 1975-இல் கன்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 1984-இல் இதில் ஒரு புதிய பாதையைத் திறந்தவர் நம் நாட்டவர். குவாலியரில் பிறந்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த நரேந்திர கர்மார்க்கர், முனைகளைச் சுற்றி வராமல் உட்பகுதியின் வழியாகவே விடையை நோக்கிச் செல்லும் முறையைக் கண்டுபிடித்தார்.

காகிதத் தொழிலுக்கும் இந்தக் கணிதத்துக்கும் பழைய உறவு உண்டு. ஆலையில் பல மீட்டர் அகலத்தில் வரும் காகித உருளையை, வாடிக்கையாளர்கள் கேட்கும் அகலங்களில் துண்டுபோட வேண்டும். எப்படி வெட்டினால் கழிவு மிகக் குறையும்? 1961-இல் கில்மோர், கோமரி என்ற இருவர் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார்கள். 1974-இல் கிளாசி, குப்தா என்ற ஆய்வாளர்கள் காகித மறுசுழற்சியையே நேரியல் திட்டமிடலால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள்.

கல்லும் நூலும் சொல்லும் விடை

கலப்பது ஒரு கணக்கு. எங்கே சேர்ப்பது என்பது இன்னொரு கணக்கு.

நம் மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் ஆகிய ஊர்களில் சேரும் பழைய தாளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தால் அழுத்திப் பொதிகளாகக் கட்டி, லாரியில் ஏற்ற வேண்டும். அந்த நிலையம் எங்கே இருந்தால் போக்குவரத்துச் செலவு மிகக் குறையும்?

இதற்கு இயற்பியல் ஓர் அருமையான விடை வைத்திருக்கிறது. செய்து பாருங்கள். மாவட்டப் படத்தை ஒரு பலகையில் ஒட்டுங்கள். மூன்று ஊர்களிலும் வழவழப்பான துளை இடுங்கள். மூன்று நூல்களின் ஒரு முனையைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடுங்கள். மறுமுனைகளைத் துளைகள் வழியே கீழே விட்டு, அந்தந்த ஊரில் சேரும் தாளின் அளவுக்கு ஏற்ற எடையைக் கட்டுங்கள். நாகர்கோவிலுக்கு 4 கல், மார்த்தாண்டத்துக்கு 3 கல், குளச்சலுக்கு 2 கல் என்று வைத்துக்கொள்ளலாம். பலகையைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து, முடிச்சை ஒருமுறை அசைத்து விடுங்கள். அது நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். நிலையம் அமைய வேண்டிய இடம் அதுதான்!

ஏன்? எடைகள் கூடியவரை கீழே இறங்கப் பார்க்கின்றன. நிலை ஆற்றல் மிகக் குறைந்த இடத்தில்தான் எதுவும் அமைதி கொள்ளும் என்று படித்திருக்கிறீர்கள். எடைகள் கீழே இறங்கினால் பலகைக்கு மேலே இருக்கும் நூல் குறைகிறது. ஆகவே ‘எடை × தூரம்’ என்பதன் கூட்டுத்தொகை மிகக் குறையும் இடத்தில் முடிச்சு நிற்கிறது. அதுவே மிகக் குறைந்த போக்குவரத்துச் செலவு. வாரிஞான் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் இந்தக் கருவியை அழைக்கிறார்கள். ஓர் ஊரின் எடை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமானால் என்ன ஆகும்? முடிச்சு அந்த ஊரின் துளைக்கே போய்விடும். மூன்று கல்லையும் மாற்றி மாற்றிச் சோதியுங்கள்.

பொதி கட்டிய தாள் நம் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நான்காவது துளை இட்டு ஒரு நூல் சேருங்கள். அழுத்திய பொதிக்கு லாரியில் இடம் குறைவாகப் போதும். டன்னுக்கு வாடகை குறையும். ஆகவே அங்கே கட்டும் எடையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நூல் நேர்கோட்டில் போகிறது. நம் சாலைகள் வேளிமலையைச் சுற்றி வளைந்து போகின்றன. முடிச்சு நிற்கும் இடம் ஒரு குளமாகவோ வயலாகவோ இருக்கலாம். ஆகவே உண்மையில் திட்டமிடுபவர்கள், ‘இந்த ஊரில் நிலையம் வேண்டும்’ என்றால் 1, ‘வேண்டாம்’ என்றால் 0 என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மாறியை வைக்கிறார்கள். ஐந்து ஊர்கள் என்றால் 32 வழிகள்தான். 20 ஊர்கள் என்றால் பத்து லட்சத்துக்கு மேல். 50 ஊர்கள் என்றால் சுமார் 1,125 லட்சம் கோடி வழிகள்! வினாடிக்குப் பத்து லட்சம் வழிகளைச் சோதிக்கும் கணிப்பொறிக்கும் இவற்றை முடிக்க முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் சோதிக்காமலே, பயனற்ற வழிகளைக் கொத்துக் கொத்தாக வெட்டித் தள்ளும் உபாயங்களைக் கணித அறிஞர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்றைய கணிப்பொறிகள் இத்தகைய கணக்குகளுக்கு விடை காண்பது அந்த உபாயங்களின் துணையால்தான்.

நம் நாட்டுக் கணக்கு

தமிழ்நாட்டில் பழைய தாள் எங்கே போகிறது? கரூர் அருகே புகளூர்க் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை இருக்கிறது. 1979-இல் நிறுவப்பட்டு, 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு புகழ் பெற்றது. 2013-இல் தினம் 300 டன் திறனுள்ள மை நீக்கும் பிரிவும் அங்கே அமைக்கப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து அது முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். உடுமலைப்பேட்டைப் பகுதியிலும் பழைய தாளைக் கொண்டே இயங்கும் ஆலைகள் உள்ளன. இவற்றுள் எதற்கு அனுப்பினாலும் லாரி வாடகை கணக்கில் ஏறும்.

இதற்கிடையே ஒரு முரண்பாட்டையும் பாருங்கள். இந்தியா ஆண்டுதோறும் பல லட்சம் டன் கழிவுத் தாளை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. நமக்கு அருகிலுள்ள தூத்துக்குடித் துறைமுகத்திலும் அது வந்து இறங்குகிறது. தரம் பிரித்துக் கட்டிய அயல்நாட்டுத் தாள் கடல் கடந்து வருகிறது. நம் வீட்டுத் தாளில் ஒரு பகுதியோ சோற்றுக் குப்பையோடு சேர்ந்து குப்பைக் கிடங்குக்குப் போகிறது. நகரத்துக் குப்பையை ஆண்டுக்கணக்கில் கொட்டிய வலம்புரிவிளைப் பக்கம் போனவர்களுக்கு, கலந்த குப்பை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2008-ஆம் ஆண்டில் ரூபேஷ் குமார் பதி, பிரேம் விரத், பிரதீப் குமார் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் நம் நாட்டுக் காகித மறுசுழற்சிக்கு ஒரு கணித மாதிரி அமைத்து ‘ஒமேகா’ என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்கள் ஒரே குறிக்கோளை வைக்கவில்லை, மூன்று வைத்தார்கள். செலவு குறைய வேண்டும். தாள் பிறக்கும் இடத்திலேயே தரம் பிரித்து, செய்யும் பொருளின் தரம் உயர வேண்டும். சுற்றுச்சூழலுக்காக மீட்கும் தாளின் அளவு கூட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும், நம் பலகையில் மூன்று கற்களும் முடிச்சை இழுப்பதைப் போல. எந்தக் கல்லை எவ்வளவு கனமாகக் கட்டுவது என்பதைக் கணிதம் சொல்லாது. அதை மனிதர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த பிறகு, முடிச்சு எங்கே நிற்கும் என்று கணிதம் சொல்லும்.

கணக்கின் முதல் வரி

இப்போது நம் படிப்புரைக்குத் திரும்புவோம். கரூரில் எத்தனை பெரிய இயந்திரம் வைத்தாலும், எத்தனை வேகமான கணிப்பொறி கணக்குப் போட்டாலும், கலப்புத் தாளுக்கு மதிப்பெண் 3-ஆ 3.5-ஆ என்பது ஆலை வாசலில் முடிவாவதில்லை. உங்கள் வீட்டு மூலையில்தான் முடிவாகிறது. எழுதிய நோட்டுகள் ஒரு கட்டு. செய்தித்தாள் ஒரு கட்டு. அட்டைகள் ஒரு கட்டு. பிளாஸ்டிக் உறையை உரித்துவிடுங்கள். எண்ணெய் பட்ட பொட்டலத்தைச் சேர்க்காதீர்கள். நமக்கு ஆண்டில் இரண்டு பருவமழை. ஆகவே கட்டைத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் வையுங்கள்.

அந்தக் கடைக்காரரிடம் இப்போதும் போய்வருகிறேன். கட்டுகளைத் தனித்தனியாகக் கொடுத்தால் தனித்தனி விலை போடுகிறார். வித்தியாசம் கிலோவுக்குச் சில ரூபாய்தான். நிழல் விலை என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. ஆனால் அவருடைய தராசுக்கு அது தெரிந்திருக்கிறது.

வீட்டுக் கணக்கு: நம் கற்பனை ஆலைக்குத் தினம் 90 டன்னுக்குப் பதில் 96 டன் தேவை. கலப்புத் தாளின் மதிப்பெண் பழையபடி 3. மற்றக் கட்டுப்பாடுகளும் அப்படியே. எவ்வளவு கலப்புத் தாள், எவ்வளவு வெள்ளைத் தாள் வாங்க வேண்டும்? செலவு என்ன? வரைபடத் தாளில் போட்டுப் பார்த்த பிறகு விடையைப் பாருங்கள்.

விடை: கலப்புத் தாள் 64 டன், வெள்ளைத் தாள் 32 டன், செலவு 17.6 லட்சம் ரூபாய்.